பரவையில் பஞ்சர்

தல்லாகுளம், மதுரை
4.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி காசிமாயன் எழுதுவது. நான் நலம். என் சுகர் என்னைவிட நலம், நாளுக்கு நாள் வளர்கிறது. ஓசூர்க் குளிர் உன் முழங்காலை என்ன பாடு படுத்துகிறது?

போனில் பேசினால் 'நல்லாருக்கேன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறேன், வாட்ஸ்அப்பில் எழுதினால் உன் மருமகள் அதை வீட்டுக்கே வாசித்துக் காட்டுகிறாள் என்று சொல்லி நீ போட்ட உத்தரவுப்படி, இதோ தபாலில் கடிதம். முப்பது வருஷமாகக் கோர்ட்டில் அடுத்தவன் வழக்கை எழுதிய கை இது. சொந்தக் கதை எழுதச் சொன்னால் வாய்தா கேட்கிறது.

விஷயம் என்னவென்றால், பெங்களூரிலிருந்து தமிழ்மாறன் எனக்கு ஒரு சைக்கிள் அனுப்பியிருக்கிறான். டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். நடந்தால் வழியெல்லாம் டீக்கடை, டீக்கடையெல்லாம் வடை. அதனால் மகன் போட்ட திட்டம் இது. ஹேண்டில்பார் கிடாக்கொம்பு மாதிரி வளைந்திருக்கிறது. டயர் என் இடுப்பு மாதிரி இருக்கிறது. தார்ரோட்டில் ஓட்டவே கூடாதாம். ஆற்றங்கரை, கண்மாய்க்கரை, சரளைக்கல் பாதை, இதற்கென்றே செய்த வண்டியாம்.

நேற்று ஞாயிறு, விடிந்ததும் கிளம்பினேன். எதிர்வீட்டு சேக் இஸ்மாயில் பாய் என் ஹெல்மெட்டையும் கறுப்புக் கண்ணாடியையும் பார்த்து, "எங்க சார் வெல்டிங்?" என்றார். செல்லூர் தாண்டி வைகைக் கரையில் இறங்கினேன். அக்கா, அங்கே ஹாரன் என்று ஒன்றே கிடையாது. எருமை வழிவிடாது, ஆனால் திட்டவும் திட்டாது. டயருக்கடியில் சரளை நறநறவென்று அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. அப்படியே பரவைக்குப் பின்னாலிருக்கும் கண்மாய்க்கரை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் நாற்று, நடுவில் நான். மடைக்கு மேலே மடைக்கருப்பு கோயில் இருக்கிறது. யாராக இருந்தாலும் அங்கே வண்டியைவிட்டு இறங்கி, செருப்பைக் கழற்றி, தள்ளிக்கொண்டுதான் கடக்க வேண்டும். நானும் இறங்கினேன். இறங்கின இடத்தில் டயரில் ஒரு கருவேல முள். பிடுங்கினால் வெள்ளையாகப் பால் வடிகிறது. முள் குத்தினால் பால் சுரக்கும் சைக்கிளை நீ கேள்விப்பட்டிருக்கிறாயா? பயந்துபோய்ப் பரவையில் வெள்ளைத்துரை சைக்கிள் கடை என்று போர்டு போட்ட இடத்தில் காட்டி, சரிசெய்துகொண்டு வந்தேன்.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. முழங்காலுக்குத் தைலம் தேய்.

தம்பி,
காசிமாயன்

---

ஓசூர்
12.8.2025

தம்பி காசிமாயனுக்கு அக்கா மலையம்மாள் எழுதுவது. நலம். ஏழாவது மாடியில் ஓட்ஸ் கஞ்சி குடித்துக்கொண்டு எப்படி நலமாக இருக்க முடியுமோ அப்படி நலம்.

கடிதம் கிடைத்தது. எருமையைப் பற்றி எழுதியிருக்கிறாய், அப்பளத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். பரவையில் என்ன தின்றாய் என்று எழுதவில்லை. நீ எழுதாமல் விடுவதைத்தான் நான் முதலில் படிப்பேன், அது உனக்குத் தெரியும்.

அந்த வெள்ளைத்துரையிடம் ஜாக்கிரதையாக இரு. கரையில் முள்ளைப் போட்டு வைப்பதே அவன்தானோ என்னவோ. முகம் எப்படி இருக்கிறது, முழிக்கிற முழி எப்படி என்று பார்த்து எழுது.

காலையில் வெறும் வயிற்றில் சைக்கிள் மிதிக்காதே.

அக்கா

---

தல்லாகுளம்
1.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ பயப்படுகிற மாதிரி நான் எதையும் தின்னவில்லை. சுக்குக் காப்பி மட்டும், அதுவும் சர்க்கரை போடாமல்.

போன கடிதத்துக்குப் பிறகு நாலு ஞாயிறும் வண்டி எடுத்தேன். நேற்று சாமநத்தம் கண்மாய். என்ன பறவை, எம்புட்டுப் பறவை. நாமக்கோழி, நீர்க்காகம், இன்னும் பெயர் தெரியாத நீளக்கால் ஒன்று என்னையே முறைத்துப் பார்த்தது, ஜாமீன் கிடைக்காதவன் குமாஸ்தாவைப் பார்க்கிற பார்வை. கரையில் மூன்று கிலோமீட்டருக்கு ஒரு மனிதன் இல்லை. நான் வாய்விட்டுப் பாடினேன். நீளக்கால் பறந்துவிட்டது.

வழக்கம்போல பஞ்சர். பரவையில் சரிசெய்துகொண்டேன்.

அந்தக் கடையைப் பற்றிக் கேட்டிருந்தாய். சின்னக் கடைதான். ஆனால் ஸ்பேனர்கள் எல்லாம் அளவு வாரியாக ஆணியில் தொங்கும், பள்ளிக்கூடத்தில் உயரப்படி நிற்க வைத்த மாதிரி. ஒரு ரேடியோ. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர். அதில் சக்கரத்தை முக்கினால் ஓட்டை இருக்கிற இடத்தில் குமிழி வரும். வாடிக்கையாளர் உட்கார ஒரு ஸ்டூல் கிடக்கிறது. ஒரு கால் கொஞ்சம் ஆடும், அதற்கு அட்டையை மடித்து வைத்திருக்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றாத ஸ்டூல். மதுரைக் கோர்ட்டில் எத்தனையோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

உன் மருமகளை விசாரித்ததாகச் சொல்.

தம்பி,
காசிமாயன்

---

ஓசூர்
9.9.2025

தம்பிக்கு,

நலம். முழங்கால் பேசுகிறது, நான் கேட்டுக்கொள்வதில்லை.

நான் ஓசூருக்கு வந்து எட்டு வருஷம்தான் ஆகிறது. மதுரை எந்தப் பக்கம் என்று மறக்கவில்லை. சாமநத்தம் ஊருக்குத் தென்கிழக்கே. பரவை வடமேற்கே. நடுவில் மதுரை என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே பஞ்சர் ஒட்டுகிறவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து அன்றைக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்களா? காற்றில்லாத வண்டியை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குத் தள்ளினாயா, தலையில் வைத்துச் சுமந்தாயா?

எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கடைக்குப் பக்கத்தில் பரோட்டாக் கடை இருக்கிறது. அதுதான் ஸ்டூல் அம்புட்டு ருசியாக இருக்கிறது.

ரத்தம் எடுத்துப் பார்த்து, ரிப்போர்ட்டை அடுத்த கடிதத்தோடு வை. ஜெராக்ஸ் வேண்டாம், அசல்.

அக்கா

---

தல்லாகுளம்
6.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அசல் இத்துடன் இருக்கிறது. போன ஆகஸ்டில் இருந்ததைவிட எம்புட்டுக் குறைந்திருக்கிறது பார். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, இது யாருடைய ரத்தம் என்று கேட்டார். ஆக பரோட்டாக் குற்றச்சாட்டு தள்ளுபடி.

நேற்று சாத்தையாறு அணை வரை போய்வந்தேன். மலையடிவாரத்தில் செம்மண் பாதை, வழியெல்லாம் கொய்யா. போகும்போது பஞ்சர் இல்லை. வரும்போது உண்டு. பரவையில்தான்.

அங்கே ஒரு செய்தி கேள்விப்பட்டேன். அந்தக் கடையை மூடப்போகிறார்களாம். தாராபுரத்திலிருந்து தம்பி முறை ஒருவர் வந்து, இங்கே தனியாக என்ன கிடக்கிறது, தை பிறந்ததும் அங்கேயே வந்து இருக்கலாம் என்று கூப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். இன்னும் பதில் சொல்லவில்லையாம். பரவைக்கு ஒரு நல்ல சைக்கிள் கடை போய்விடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்ன செய்வார்கள், பால்காரர்கள் என்ன செய்வார்கள் என்று பொதுநலன் கருதி நேற்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வேறு விசேஷம் இல்லை. பறவைகள் நலம்.

தம்பி,
காசிமாயன்

---

ஓசூர்
13.10.2025

தம்பி காசிமாயனுக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். முதலில் இதைப் படி.

பொதுநலனுக்காக நீ சாப்பாட்டைவிட்டு நான் ஐம்பத்து நாலு வருஷத்தில் பார்த்ததில்லை. அதனால் தமிழ்மாறனுக்குப் போன் போட்டேன். "ஏண்டா, இப்படி வாரத்துக்கு ஒரு பஞ்சர் ஆகிற வண்டியையா அப்பனுக்கு வாங்கிக் கொடுப்ப?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். அந்த டயருக்குள் டியூபே இல்லையாம். உள்ளே ஒரு பால் ஊற்றியிருக்கிறதாம். முள் குத்தினால் அந்தப் பாலே ஓட்டையை அடைத்துவிடுமாம். "அத்தை, அது லேசுல பஞ்சர் ஆகாது" என்றான்.

நீ பார்த்த பால் அதுதான். முதல் நாளே முள் குத்தி, முதல் நாளே தானாக மூடிக்கொண்டது. அப்படியானால் அதற்குப் பிறகு பஞ்சரான டயர் எது?

அடுத்து இஸ்மாயில் பாய்க்குப் போன் போட்டேன். அவருக்குப் பரவையில் சொந்தம் உண்டல்லவா. வெள்ளைத்துரை இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறதாம். போர்டில்தான் அவர் இருக்கிறார். கடையில் இருப்பது அவர் சம்சாரம் பாண்டிமீனா. பிள்ளைகுட்டி இல்லை. புருஷன் போன மறுமாதமே ஸ்பேனரைக் கையில் எடுத்த பொம்பிளை, கை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம் என்றார் பாய்.

ஸ்டூலின் கால் வரைக்கும் எழுதினாய். அந்தக் கால் ஆடாமல் அட்டை வைத்தது யார் என்று எழுதவில்லை.

பதில் எழுது. சுகம்தானே?

அக்கா

---

ஓசூர்
3.11.2025

தம்பிக்கு,

மூன்று வாரம் ஆகிறது. தீபாவளிக்குக்கூட ஒரு வரி இல்லை. போன் அடித்தால் 'நல்லாருக்கேன்' என்று வைத்துவிட்டாய்.

நான் கோபமாக எழுதினதாக நினைத்தாயா? கோபமாக இருந்தால் நான் எழுதவே மாட்டேன், பஸ் ஏறிவிடுவேன்.

அக்கா

---

தல்லாகுளம்
10.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எதிரி குற்றத்தை ஒப்புக்கொள்கிறான்.

முதல் நாள் கடைக்குப் போனபோது அது பஞ்சர் என்றுதான் நினைத்தேன், சத்தியம். சேலைக்கு மேல் போட்ட சட்டையில் கிரீஸோடு ஒரு அம்மா வந்து, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் இல்ல சார், காத்து கொஞ்சம் கம்மி" என்றார்கள். காற்று அடித்தார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். சுக்குக் காப்பி வந்தது. கோர்ட்டைப் பற்றிக் கேட்டார்கள். நான் சொன்ன ஒரு ஜோக்குக்குச் சிரிக்காமல், பம்ப்பை வைத்துவிட்டுப் போய், உள்ளே நின்று சிரித்தார்கள். சிரிப்பது எனக்குக் கேட்டது. அதை யோசித்துக்கொண்டே ஆறு நாள் ஓடியது.

அடுத்த ஞாயிறு போக ஒரு காரணம் வேண்டும். முள்ளைத் தேடிக் குத்தினேன், பால் வந்து மூடிக்கொண்டது. வேறு முள், அதுவும் மூடிக்கொண்டது. உன் மருமகன் வாங்கிக் கொடுத்தது அப்படிப்பட்ட சண்டாள டயர். கடைசியில் வால்வை அமுக்கிக் காற்றைப் பிடுங்கக் கற்றுக்கொண்டேன். அதற்கும் இடம் வேண்டுமே, ஆள் பார்த்தால் கேவலம். மடைக்கருப்பு கோயிலில்தான் எல்லாரும் வண்டியைவிட்டு இறங்குகிறார்களே. நானும் இறங்கி, செருப்பைக் கழற்றி, குனிந்து வால்வை அமுக்குவேன். பின்னால் வருகிற ஆளுக்கு அது பக்தி. கருப்புக்கு மட்டும்தான் உஸ் என்று சத்தம் கேட்கும். அப்புறம் பரவை வரைக்கும் தள்ளிக்கொண்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு போவேன். இப்படிப் பதினோரு தடவை.

வசந்தா போய் நாலு வருஷமாகிறது. அவள் படத்துக்கு முன்னால் நின்று இதைச் சொல்லிப் பார்த்தேன். அவள் எப்போதும் பார்க்கிற மாதிரியே பார்த்தாள், சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருக்கிறேனா என்று. மாறித்தான் போட்டிருந்தேன்.

பாண்டிமீனாவிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வராது. கோர்ட்டில் மூன்று தடவை பெயரைக் கூவிக் கூப்பிடும் டவாலியை அழைத்துப் போகலாமா என்றுகூட யோசித்தேன். தை பிறந்தால் தாராபுரம் போய்விடுவார்கள். மகன் என்ன நினைப்பான், நீ என்ன நினைப்பாய், ஊர் என்ன பேசும், எனக்கு ஒன்றும் தெரியவில்லை அக்கா. உன்னிடம் கேட்காமல் இந்த வீட்டில் ஒரு தென்னங்கன்றுகூட நட்டதில்லை.

முழங்கால் எப்படி?

தம்பி,
காசிமாயன்

---

ஓசூர்
14.11.2025

பாண்டிமீனா அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் கடைக்கு ஞாயிறுதோறும் கறுப்புக் கண்ணாடி போட்டு, ஆகாத பஞ்சரோடு வரும் ஆளின் கூடப்பிறந்த அக்கா மலையம்மாள் எழுதுவது. நீங்கள் நலமென்று நம்புகிறேன்.

சுற்றிவளைத்து எழுத எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அதற்கென்று இருப்பவன் என் தம்பிதான். சம்சாரம் போன பிறகு நாலு வருஷமாக 'நல்லாருக்கேன்' என்பதைத் தவிர அவன் என்னிடம் வேறொன்றும் சொன்னதில்லை. இப்போது உங்கள் கடை ஸ்டூலைப் பற்றி அரைப் பக்கம் எழுதுகிறான். அவன் நல்லவன். கொஞ்சம் கோழை. அவன் வருவது உங்களுக்குத் தொந்தரவென்றால் ஒரு வரி எழுதுங்கள், அடுத்த ஞாயிறு முதல் அவன் வேறு திசைக்குப் போவான், அதற்கு நான் பொறுப்பு. தொந்தரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். தாராபுரத்துக்குப் பதில் சொல்லும் முன் எனக்குச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
மலையம்மாள்

---

பரவை
20.11.2025

அம்மா அவர்களுக்கு,

பாண்டிமீனா எழுதுவது. நலம். நீங்களும் முழங்கால் வலி குறைந்து நலமாக இருக்க வேண்டும், சார் சொல்லியிருக்கிறார்.

கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுக்கவும். அந்த டயரில் பஞ்சர் ஆகாது என்பது எனக்கு முதல் நாளே தெரியும். பன்னிரண்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ரெண்டாவது வாரம் சார் வந்து பஞ்சர் என்றார். வால்வு மூடி சட்டைப் பையில் இருந்தது, எட்டிப் பார்த்துக்கொண்டு. நான் ஒன்றும் சொல்லவில்லை. சக்கரத்தைக் கழற்றி, காற்றடித்து, தொட்டியில் முக்கினேன். தண்ணீரை அவர் உற்றுப் பார்த்தார், நானும் உற்றுப் பார்த்தேன். குமிழி வரவில்லை. எங்கிருந்து வரும்? இன்னொரு தடவை சுற்றினேன். அப்படிப் பத்துப் பதினைந்து நிமிஷம். ஒவ்வொரு வாரமும் இதேதான். பஞ்சர் இல்லை, காற்றுதான் இறங்கியிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நானும்தான் சொல்லவில்லை.

தம்பி கூப்பிட்டது பாசத்தில்தான். ஆனால் அங்கே போனால் நான் ஒரு மூலையில் உட்கார்ந்து கீரை ஆய வேண்டும். இந்தக் கடையை நான் விடுவதாக இல்லை, யாருக்காகவும் விடுவதாக இல்லை. இதை அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தல்லாகுளத்தில் இருந்து பரவைக்கு டவுன் பஸ் இருக்கிறது, சைக்கிளும் இருக்கிறது.

மற்றதை நீங்கள் கேட்டு நான் சொல்வது முறையில்லை. கேட்க வேண்டியவர் வாயைத் திறந்து கேட்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது டயரில் காற்றோடு வரச் சொல்லுங்கள்.

முழங்காலுக்கு நொச்சித் தழை வதக்கிக் கட்டுங்கள், மதினி.

பாண்டிமீனா

---

ஓசூர்
25.11.2025

தம்பிக்கு,

வரும் ஞாயிறு கருப்பு கோயிலில் இறங்கு, கும்பிடு, வால்வில் கை வைக்காதே. டயரில் முழுக் காற்றோடு கடைக்குப் போ. ஏன் என்று கேட்காதே. பரவையிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. அதன் முதல் வரியில் நான் அம்மா, கடைசி வரியில் மதினி. நடுவில் இருப்பதை உனக்குக் காட்ட மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், கடை அங்கேயேதான் இருக்கும். அதில் உனக்குப் பேச்சில்லை.

தமிழ்மாறனிடம் பேசிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு, "அந்த டயருக்குப் பால் ஊத்துனதுதான் அத்தை தப்பு, அப்பா எம்புட்டுச் சிரமப்பட்டிருக்காரு" என்றான்.

அக்கா

---

தல்லாகுளம்
1.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்த முறை உண்மையாகவே நலம்.

நேற்று நீ சொன்னபடியே போனேன். கருப்பு கோயிலில் இறங்கிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், பழக்கதோஷத்தில் அது வால்வுப் பக்கம் போய்விடுமென்று. கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன். பேச வேண்டியதை வெள்ளைத்தாளில் மனு மாதிரி எழுதி, மடித்துப் பையில் வைத்திருந்தேன். அவர்கள் வந்து டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்கள். கல் மாதிரி இருந்தது.

"பஞ்சர் இல்லையே சார்."

"இல்ல."

"அப்புறம் எதுக்கு வந்தீக?"

தாளை எடுக்கக் கை போனது. எடுத்தால் கண்ணாடி வேண்டும், கண்ணாடி கறுப்பு, கறுப்பில் எழுத்துத் தெரியாது. "உங்கள பாக்கத்தான் வந்தேன். எப்பவுமே அதுக்குத்தான் வந்தேன்" என்றேன். மனுவில் இருந்த பதினேழு வரியில் ஒன்றுகூட இது இல்லை.

அவர்கள் ஒரு துணியை எடுத்தார்கள். கையைத் துடைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, வியாபார நேரம், பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயிருந்து தன்னுடைய பழைய லேடீஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து, "ஞாயித்துக்கிழமையானா சுத்துறீகளே, அந்தக் கண்மாயக் காட்டுங்க" என்றார்கள். பிறந்ததிலிருந்து அந்தக் கண்மாய்க்குப் பக்கத்தில் இருக்கிறவருக்கு நான் கண்மாய் காட்டினேன். தண்ணீர் கரை தொட்டுக் கிடந்தது. இரண்டு சைக்கிளும் சரளையில் நொறுங்குகிற சத்தம் தவிர வேறொன்றுமில்லை.  

மடைக்கருப்பு கோயிலில் இறங்கினோம். தாண்டி ஏறினால் அவர்கள் வண்டி புஸ்ஸென்று உட்கார்ந்துவிட்டது. பின்டயரில் ஒரு விரல் நீள முள். அது டியூப் போட்ட வண்டி. ஊருக்கெல்லாம் பஞ்சர் ஒட்டுகிற பாண்டிமீனாவின் கையில் ஒரு சாமானும் இல்லை. "கருப்பு வாங்க வேண்டியத வாங்கிட்டாரு" என்றார்கள். பிறகு சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, என் முன்னாலேயே, உள்ளே போகாமல், சிரித்தார்கள்.

கடைக்கு இரண்டு கிலோமீட்டர். என் வண்டியில் முழுக் காற்று இருந்தது. நான் இறங்கியே நடந்தேன். தாராபுரத்துக்கு வரவில்லை என்று சொல்லியாகிவிட்டதாம். கடையைப் பற்றிக் கேட்டார்கள், கடை அங்கேயேதான் இருக்கும் என்று உன் உத்தரவை அப்படியே சொன்னேன். பெண் கேட்க ஆள் யார் வருவார்கள் என்று கேட்டார்கள். ஓசூரிலிருந்து ஒருத்தி வருவாள், முழங்கால் கொஞ்சம் மக்கர் பண்ணும், வாய் மக்கர் பண்ணாது என்றேன். ஆகவே பதினாலாம் தேதி ஞாயிறு, மார்கழி பிறப்பதற்கு முன்னால், வந்து சேர். மாட்டுத்தாவணியில் இறங்கினதும் மல்லிகைப் பூவை நீயே பார்த்து வாங்கு, நான் வாங்கினால் குறை சொல்வாய். தாம்பூலத் தட்டை என் சைக்கிளில் கட்ட முடியாது, கேரியர் இல்லை. ஆட்டோவில் வா.

கடைக்கு வந்ததும் டியூபைக் கழற்றி, காற்றடித்து, தொட்டியில் முக்கினார்கள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தேன். வழக்கம்போல இரண்டு பேரும் தண்ணீரை உற்றுப் பார்த்தோம்.

குமிழி வந்தது அக்கா. இம்புட்டு இம்புட்டாக, வந்துகொண்டே இருந்தது.

தம்பி,
காசிமாயன்